ஓதமும் சாளரமும்

காவிரிப் படுகையில் வாழ்வோர்க்கு ஓதம் புதிய பகையன்று. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், பனிக்கு மட்டும் இரண்டு பொழுதுகளை ஒதுக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, சம்பா வயல்களில் நீர் நிற்க, அதன்மேல் பனி இறங்கும் மார்கழியே தஞ்சைத் தரணியின் வீட்டுச் சுவர்களுக்குச் சோதனைக் காலம்.

பனி இறங்குகிறது என்பது உலக வழக்கு. உண்மையில் அது வானிலிருந்து விழுவதில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814ஆம் ஆண்டு பனியைப் பற்றி வெளியிட்ட நூலில் இதைச் சோதனைகளால் நிறுவினார். தெளிந்த இரவில் புல்லும் கல்லும் தம் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள ஆவி அங்கேயே நீராகிறது. 30 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே தாங்கும். எஞ்சியது எங்கே போகும்? வீட்டிலுள்ள பொருள்களில் விரைந்து குளிர்வது சாளரக் கண்ணாடி. ஆகவே அதுவே முதலில் வியர்க்கிறது. வழிந்த நீர் சட்டத்தின் அடியிலும் ஓரச் சுவரிலும் ஊற, சில நாள்களில் பூஞ்சணம் கரும்புள்ளியாய்த் தோன்றுகிறது.

இதனை நம் பழைய வீடுகள் எவ்வாறு சமாளித்தன? நாட்டு ஓடு வேய்ந்த கூரையின் இடுக்குகள் வழியே அடுக்களை ஆவி வெளியேறிற்று. நடுவில் திறந்த முற்றம். முற்றத்தால் மழை உள்ளே வந்தது மெய்தான். மருமக்கள் அதைப் பெருக்கித் தள்ளி அலுத்ததும் மெய்தான். ஆனால் உள்ளே பிறந்த ஈரம் வெளியேறிய வழியும் அதுவே. சாளரங்களுக்குக் கண்ணாடி இல்லை. கம்பியும் மரக்கதவுமே இருந்தன. மரம் எளிதில் குளிர்வதில்லை.

இவற்றினும் நான் வியப்பது சுண்ணாம்பைத்தான். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பொங்கலுக்கு முன் ஆண்டுதோறும் சுவரில் அடித்தனர். அடைமழை முடிந்து, பூஞ்சணம் தலைகாட்டும் வேளை அது. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் வளராது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும். வெயில் வந்ததும் விட்டுவிடும். சடங்கென்று இதைப் பழித்தவரும் புகழ்ந்தவரும் இந்த வேதியியலை நோக்கவில்லை.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு, கற்பூரம் ஆகியவற்றைப் பொடித்து முடிப்பாக வைக்கும் மரபு உண்டு. அது பூச்சியை விரட்டும், ஈரத்தை விரட்டாது. இந்த வேறுபாட்டை மறந்த ஒரு வீட்டைத் திருவையாற்றுப் பக்கத்தில் கண்டேன். முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடி, சிமெண்டு பூசி, நெகிழி வண்ணம் அடித்து, நகரும் கண்ணாடிச் சாளரம் வைத்திருந்தனர். சாளரத்தை ஒட்டிய சுவர் அலமாரியில் பாட்டனாரின் மருத்துவச் சுவடிகள் இருந்தன. வசம்பின் மணம் அப்போதும் வீசிற்று. ஓலைகளோ வெண்பூஞ்சணம் படர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு கட்டைப் பிரிக்க முயன்றபோது எழுத்தோடு தோலும் உரிந்தது.

குளிர்சாதன அறையில் நிலைமை தலைகீழ். அங்கே கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கும். சட்ட இடுக்கில் நுழையும் வெளிக்காற்று, குளிர்ந்த உட்சுவரில் நீராகும். அங்கே இடுக்கை அடைப்பதே மருந்து. சாதனம் ஓடும்போது சாளரத்தைத் திறந்துவைப்பது கேட்டை வளர்க்கும். மற்ற அறைகளில், வெயில் ஏறியபின் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறக்க வேண்டும். ஈரத் துணியை உள்ளே உலர்த்தலாகாது. சோறு வடிக்கும் ஆவிக்குப் போக்கு வேண்டும். காலையில் கண்ணாடியைத் துடைத்த துணியை வெளியே பிழிய வேண்டும். பூஞ்சணத்தின்மேல் வண்ணம் பூசுவது வீண் செலவு. மூன்றே மாதத்தில் அது மேலே வந்துவிடும். உலர்ந்த துணியால் தட்டினால் நுண்வித்துகள் பறந்து இழைப்பு நோயாளரை வருத்தும். சவர்க்கார நீரில் நனைத்தே துடைக்க வேண்டும்.

அவ்வீட்டார் எஞ்சிய கட்டுகளை வெளிச்சுவரை விட்டு நடுக்கூடத்து மரப்பெட்டிக்கு மாற்றியிருக்கின்றனர். முற்றத்து மூடுகல்லில் காற்றுக்கு வழி திறக்கக் கொத்தனாரை அழைத்துள்ளனர். ஒட்டிய கட்டை மட்டும் எவரும் இன்னும் தொடவில்லை.