இயன்முறை சிகிச்சை: முதல் சந்திப்புக்கு ஆயத்தமாதல் (செங்கல்பட்டு – மாமல்லபுரம் வட்டாரம்)

மூட்டுவலி, தசைவலி, இடுப்புப் பிடிப்பு, தோள் இறுக்கம் ஆகியவற்றுக்காக இயன்முறை சிகிச்சையாளரை முதன்முறை பார்க்கப் போகிறவர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களை இக்கட்டுரை விவரிக்கிறது. பேச்சு வழக்கில் ‘பிசியோ’ என்று வழங்கும் இச்சிகிச்சையில், முதல் நாளின் பெரும்பகுதி கேட்டறிவதிலும் உடலை அசைத்துப் பார்ப்பதிலும் கழியும். அதனால் நோயாளி தன் வலியையும் வேலையையும் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாரோ அவ்வளவுக்குச் சிகிச்சை சரியான வழியில் தொடங்கும். ஸ்கேன் படத்தில் எலும்பும் ஜவ்வும் தெரியும். உளி பிடித்த கை எத்தனை நாழிகையில் மரத்துப்போகிறது என்பதை நோயாளிதான் சொல்ல முடியும்.

வரலாற்றுப் பின்னணி

இவ்வட்டாரத்துக்கும் மறுவாழ்வு மருத்துவத்துக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு, அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1947-இல் வந்தார். நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போன நோயாளிகளை அங்கே கண்டது அவருடைய வாழ்நாள் பணிக்குத் திருப்பமானது. நோய் தொடாத தசையின் நாணை இடம் மாற்றி இணைத்து விரலை நிமிர்த்தும் அறுவை முறையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார். நாணை மாற்றிவிட்டால் மட்டும் விரல் நிமிர்ந்துவிடாது. புதிய வேலையைத் தசைக்குப் பழக்க, அறுவைக்கு முன்னும் பின்னும் இயன்முறைப் பயிற்சி வேண்டியிருந்தது. திருமணி இல்லம் 1955-இல் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. சிகிச்சையாளர் வழிகாட்டினாலும் பயிற்சியைச் செய்து முடிப்பவர் நோயாளியே என்ற அந்நாளைய பாடம் இன்றைய முழங்கால் வலிக்கும் பொருந்தும்.

தொழிலும் வலியும்

மாமல்லபுரத்துச் சிற்பிகள் தரையில் அமர்ந்து, கழுத்தைத் தாழ்த்தி, ஒரு கையில் உளியும் மறு கையில் சுத்தியுமாக மணிக்கணக்கில் கருங்கல்லைக் கொத்துகிறார்கள். மணிக்கட்டு, முழங்கை, தோள், கீழ்முதுகு ஆகியவை இதில் தொடர்ந்து சுமை தாங்குகின்றன. கல்லறுக்கும் மின்கருவியின் அதிர்வும் கைநரம்புகளைப் பாதிக்கக்கூடும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர்களுக்கு வலை இழுப்பதும் படகைக் கரையேற்றுவதும் தோளுக்கும் இடுப்புக்கும் கடும் வேலை. மதுராந்தகம் பக்கம் நாற்று நடும் பெண்கள் நாள் முழுதும் குனிந்தே நிற்கிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களில் இருப்பவர்களுக்குக் கழுத்துவலி வருவது அசையாமல் உட்கார்ந்திருப்பதால். கோவளத்தில் அலைச்சறுக்கு பழகும் இளைஞர்களுக்குத் துடுப்புப்போலக் கை வீசுவதால் தோள் நோகிறது.

ஒரே தோள்வலி என்றாலும் இவர்களுக்குத் தேவையான பயிற்சிகள் ஒன்றல்ல. எனவே ‘கூலி வேலை’, ‘வீட்டு வேலை’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த உறுப்பு, எந்த நிலையில், எவ்வளவு நேரம் உழைக்கிறது என்று செய்துகாட்டுவதே பயன் தரும்.

எங்கே செல்வது

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் காலையிலேயே புறநோயாளிச் சீட்டு பெற்று, முதலில் எலும்பு மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதித் தருவதைக் கொண்டு இயன்முறைப் பிரிவுக்குச் செல்வது வழக்கம். காட்டாங்குளத்தூரிலும் கேளம்பாக்கத்திலும் உள்ள தனியார் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இயன்முறைக் கல்லூரிகளும் உண்டு. அங்கே பயிற்சி மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் பரிசோதிப்பார்கள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் உதவும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய இத்திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்காகக் கேட்கலாம். தனியார் சிகிச்சையகத்துக்குப் போகிறவர்கள், அங்கிருப்பவர் இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்றவர்தானா என்று கேட்டுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டியவை

சந்திப்புக்கு முந்தைய மூன்று நான்கு நாட்கள் வலியைக் கவனித்து ஒரு தாளில் குறித்துவைப்பது நல்லது. எழுதப் பழக்கமில்லாதவர் வீட்டில் ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.

- வலி எப்போது தொடங்கியது: விழுந்தபின்னா, சுமை தூக்கியபோதா, மெல்ல மெல்லவா.
- எங்கே இருக்கிறது, எங்கே பரவுகிறது. இடுப்பில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை இறங்குகிறதா என்பது முக்கியம்.
- எப்படி வலிக்கிறது: குடைச்சல், கடுப்பு, எரிச்சல், சுரீரென்ற இழுப்பு, மதமதப்பு. பழகிய சொல்லிலேயே சொல்லலாம். எரிச்சலும் மதமதப்பும் நரம்புத் தொல்லையைச் சுட்டக்கூடும்.
- காலை எழுந்ததும் இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது. மூட்டுத் தேய்மானத்தில் அது பெரும்பாலும் அரை மணிக்குள் தளரும். ஒரு மணிக்கு மேல் நீடித்தால் முடக்குவாதம் போன்ற அழற்சி நோயா என்று மருத்துவர் ஆராய வேண்டும்.
- எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா.
- சுழியம் முதல் பத்து வரை மதிப்பிட்டால் வலி எத்தனை.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், புற்றுநோய், பழைய எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. இதயத்துடிப்புக் கருவி, உடலில் பொருத்திய உலோகத் தகடு, கர்ப்பம், தோலில் உணர்ச்சிக் குறைவு ஆகியவற்றைச் சொல்லாமல் விட்டால் மின்தூண்டலோ வெப்ப ஒத்தடமோ தீங்காக முடியலாம்.

சுளுக்கு வழித்தது, புத்தூர் கட்டு போட்டது, எண்ணெய் தேய்த்தது, கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியது ஆகிய எதையும் சொல்வதில் வெட்கம் வேண்டாம். சிகிச்சையாளர் கேட்பது குறை காண அல்ல, அடுத்த அடியைப் பாதுகாப்பாக எடுத்து வைக்க.

எடுத்துச்செல்வதும் உடையும்

மருத்துவரின் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் எடுக்கவில்லை என்பதற்காகச் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எந்த வலியும் இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏற முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் படத்தில் தெரிவது இயல்பு. ஆகவே அறிக்கையில் ‘தேய்மானம்’ என்ற சொல்லைக் கண்டதுமே கலங்கவும் வேண்டாம்.

முழங்காலுக்குப் போகிறவர் தொடை வரை ஏற்றக்கூடிய தளர்வான கால்சட்டையும், தோளுக்குப் போகிறவர் தளர்வான மேலாடையும் அணிவது வசதி. வேட்டி, லுங்கி கட்டுபவர் உள்ளே அரைக்கால் சட்டை அணிந்துகொள்ளலாம். வலியிடத்தில் அன்று தைலம் பூசாமல் போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் மின்தகடுகள் சரியாக ஒட்டா. துணைக்கு ஒருவரை அழைத்துச்செல்வதும், பெண் சிகிச்சையாளர் வேண்டும் என்று பெண்கள் கேட்பதும் முறையானவையே. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். பேருந்தில் வருபவர்கள் இறங்கியதும் சற்று இளைப்பாறிவிட்டு உள்ளே செல்வது நல்லது.

சந்திப்பில் நடப்பவை

சிகிச்சையாளர் நடையையும் நிற்கும் விதத்தையும் பார்ப்பார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோணமானியால் அளப்பார். தசை வலிமையைச் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பிடுவார். பரிசோதனையில் சற்று வலிக்கலாம். தாங்க முடியாவிட்டால் உடனே நிறுத்தச் சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. மெழுகு ஒத்தடம், மின்தூண்டல் போன்றவை தற்காலிக ஆறுதல் தரலாம். நெடுநாள் பலன் பெரும்பாலும் உடற்பயிற்சியிலும் வேலை செய்யும் முறையை மாற்றுவதிலும் கிடைக்கிறது.

இலக்கைத் தெளிவாகச் சொல்வது நோயாளியின் பங்கு. ‘வலி போக வேண்டும்’ என்பதோடு நில்லாமல், சம்மணமிட்டு உட்கார வேண்டும், பேருந்துப் படி ஏற வேண்டும், கோலம் போடக் குனிய வேண்டும், ஆடி மாதத்துக்குள் கடலுக்குப் போக வேண்டும் என்று சொன்னால் பயிற்சிகள் அதற்கேற்ப அமையும். கிளம்புமுன் கேட்க வேண்டியவை: எனக்கு என்ன கோளாறு, எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு செலவாகும், எந்த வேலையைத் தொடரலாம், எதைத் தவிர்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இருகால்களிலும் பலம் குன்றுதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமை, காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குதல், விழுந்தபின் காலூன்ற முடியாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தல், காரணமின்றி எடை குறைந்து இரவிலும் ஓயாத வலி ஆகியவை இருந்தால் இயன்முறைச் சந்திப்புக்குக் காத்திராமல் மருத்துவரிடம் விரைய வேண்டும். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

சந்திப்புக்குப் பின்

கற்ற பயிற்சிகளை அங்கேயே ஒருமுறை செய்துகாட்டி, சரிதானா என்று கேட்டு, முடிந்தால் கைபேசியில் படம்பிடித்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குப் பின் வரும் இலேசான வலி ஒரு நாளுக்குள் தணிந்தால் தொடரலாம். அதற்கு மேல் நீடித்தாலோ வீக்கம் கண்டாலோ அளவைக் குறைத்து, சிகிச்சையாளரிடம் தெரிவிக்க வேண்டும். வலி தணிந்ததும் பயிற்சியை விட்டுவிடுவது பலரிடம் காணும் பழக்கம். தசை வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும் என்பதால், நிறுத்தும் நாளையும் சிகிச்சையாளரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.