லினக்ஸில் வைஃபை வந்த கதை

லினக்ஸ் நிறுவியதும் வைஃபை தானாக வேலை செய்வது 2000களின் முற்பாதியில் அபூர்வம். சிப் தயாரித்த நிறுவனங்கள் பல, விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் எழுதின; சிப்பின் உள்விவரங்களை வெளியிடவில்லை. கோளாறு லினக்ஸுடையது என்று பழி சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

ஒரு மாற்றுவழி 2003இல் வந்த என்டிஸ்ராப்பர். விண்டோஸ் டிரைவரையே லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்றி, சுற்றிலும் விண்டோஸ் இருப்பதாக அதை நம்பவைத்தது. வேலை நடந்தது, ஆனால் மூல நிரல் இல்லாத அந்த டிரைவரில் பிழை வந்தால் தயாரித்த நிறுவனத்தைத் தவிர யாராலும் திருத்த முடியாது.

பிராட்காம் சிப்புக்கு நடந்த முயற்சி இன்னும் சுவையானது. ஒரு குழு, ஏற்கெனவே இருந்த டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி இயங்குகிறது என்று எழுதிவைத்தது. அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து வேறொரு குழு புது டிரைவர் எழுதியது. நகலெடுத்தார்கள் என்று வழக்குப் போட்டாலும் நிற்பது கடினம். அந்த டிரைவர் 2006 ஜூனில், 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. ஆனாலும் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரை விநியோகிக்க அனுமதி இல்லை. பயனரே பழைய டிரைவர் கோப்பை இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது.

அடுத்த ஆண்டே தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த மடிக்கணினிகள் அரசுப் பள்ளி மாணவர்கள் கைக்குப் போயின. அவற்றில் லினக்ஸ் முன்பே இருந்தது; தாங்களே புதிதாக நிறுவுவோருக்கோ பல நேரம் ஒரு முடிச்சு காத்திருந்தது: ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும். லேன் கேபிள் இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு போன் கைகொடுத்தது. யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால், லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி ஃபர்ம்வேர் தேவையில்லை.

2023 ஜூனில் வந்த டெபியன் 12 என்னும் லினக்ஸ் வெளியீடு, ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்துக் கொடுத்தது. மடிக்கணினிகளில் இன்று பெரும்பாலும் தொல்லை இல்லை. மிச்சம் இருப்பது மலிவு யுஎஸ்பி டாங்கிள்கள். ரியல்டெக் சிப் உள்ள சிலவற்றுக்கு டிரைவரைத் தனியே இறக்கி, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். பெயரை நம்பி வாங்கவும் கூடாது: டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என் டாங்கிளின் முதல் பதிப்பில் லினக்ஸ் நன்கு அறிந்த ஏதெரோஸ் சிப், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். வாங்குமுன் பெட்டியில் அச்சிட்ட பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.