முடிச்சில் இருந்த நெருப்பு

இருங்காட்டுக்கோட்டையில் என் தகப்பனார் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அந்நாளில் அதைச் சுற்றிலும் வயல்தான். 1998-ல் அங்கே கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, நெல் விளைந்த இடத்தில் வாடகை அறைகள் விளைந்தன. எங்கள் வீட்டிலும் ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆறு பேர் குடியிருக்கிறார்கள்.

சென்ற ஐப்பசியில் அவர்களில் ஒருவன் போன் செய்தான். "சார், சுவிட்ச் போர்டுகிட்ட மீன் கருகற மாதிரி வாடை வருது. நாங்க யாரும் மீன் வாங்கலை."

எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு போனேன். மெயினை அணைத்துப் போர்டைத் திறந்தார். உள்ளே கம்பி வெள்ளையாக இருந்தது. "ஈயம் பூசின செம்பும் வெள்ளையாத்தான் தெரியும் ஐயா" என்று கத்தியால் சுரண்டினார். சிவப்புத் தெரியவில்லை. "அலுமினியம்தான்" என்றார்.

1967-ல் வயரிங் செய்தவரை மனத்துக்குள் வைதேன். மட்டச் சரக்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அது எவ்வளவு அநியாயம் என்பது பிறகுதான் புரிந்தது.

அலுமினியம் மட்டமாகப் பிறந்த உலோகமே அல்ல. 1825-ல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் அதை முதன்முதல் பிரித்தெடுத்தார். பின் பல ஆண்டுகள் அது விலையுயர்ந்த அபூர்வப் பொருளாகவே இருந்தது. 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் ஹெரூவும், மின்சாரத்தைக் கொண்டு அதை மலிவாக எடுக்கும் வழியைத் தனித்தனியே கண்டார்கள். 1898-லேயே சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவிட்டார். அடுப்பங்கரைக்கு வந்த உலோகம் சுவருக்குள் நுழைய இன்னும் அறுபது எழுபது வருஷம் ஆயிற்று.

நுழைத்தது செம்புப் பஞ்சம். நமக்கு வேண்டிய செம்பில் பெரும்பகுதி கடல் கடந்து வரவேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ரூ. 4.76-க்குக் கிடைத்த டாலர் ரூ. 7.50 ஆயிற்று. அலுமினியத்துக்கோ மூலப்பொருளான பாக்சைட் நம் சேர்வராயன் மலையிலேயே இருந்தது. 1965-ல் மேட்டூரில் உருக்காலை தொடங்கிற்று. பின்னாளில் அது மூடப்பட்டது வேறு கதை. ஒரே கனத்தில் செம்பு கடத்தும் மின்சாரத்தில் சுமார் 61 சதவிகிதத்தை அலுமினியமும் கடத்தும். சற்றுத் தடித்த கம்பியாகப் போட்டால் போதும். ஏழை நாடு சிக்கனமாக யோசித்தது. பணக்கார அமெரிக்காவும் செம்பு விலை ஏறியபோது, 1965 முதல் 1973 வரை, லட்சக்கணக்கான வீடுகளில் இதையே செய்தது.

ஆக, குற்றம் கம்பியில் இல்லை, முடிச்சில் இருந்தது. காற்றுப் பட்டதும் அலுமினியத்தின்மேல் ஒரு மெல்லிய தோல் படர்கிறது; அதில் மின்சாரம் பாயாது. சூடேறினால் செம்பைவிட அதிகமாக விரிகிறது. திருகாணியின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கியும் கொடுக்கிறது. மாலையில் சூடேறி இரவில் ஆற ஆற இணைப்புத் தளர்கிறது. தளர்ந்த இடம் மேலும் சூடாகிறது. செம்போடு சேர்த்து முறுக்கி, ஈரமும் பட்டால் அரித்தே போகும். 1974-ல் நியூயார்க் மாநிலத்து ஹாம்ப்டன் பேஸில் ஒரு வீடு தீப்பற்றி இருவர் மாண்டனர். அப்படி ஓர் இணைப்பே காரணம் என்றார்கள்.

எங்கள் வீடு ஐம்பது வருஷம் பிழைத்தது எப்படி? நாலு பல்பு, ஒரு விசிறி. அவ்வளவே அதன் பாரம். இன்று அதே கம்பியில் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் தொங்குகின்றன.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தின வருஷம் பீஸ் அடிக்கடி போகிறதென்று அந்தப் பிள்ளைகள் முறையிட்டபோது, "கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டுவிடு" என்று சொன்னவன் நான்தான். வீடு விட்ட எச்சரிக்கையின் வாயை நானே அடைத்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் இரண்டு வழி சொன்னார். முழுவதும் செம்பாக மாற்றலாம்; முடியாவிட்டால் இரண்டு உலோகத்தையும் சேர்ப்பதற்கென்றே செய்த கனெக்டரை ஒவ்வோர் இணைப்பிலும் போடலாம். "முறுக்கி டேப் சுத்தற வேலை மட்டும் கூடாதுங்க" என்றார். செலவுக் கணக்கைக் கேட்டபோது ஆறு மாத வாடகை கண்முன் பறந்தது. அப்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். இரவு ஷிப்ட் முடித்த இரண்டு பிள்ளைகள் அந்தப் போர்டுக்கு நேர் கீழே பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீடும் அந்த வருஷங்களில் கட்டியதானால், தெரிந்த ஆளைக் கொண்டு ஒரே ஒரு சுவிட்சைத் திறந்து சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மீன் வாடை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.