சுறா மந்திரமும் மூழ்குநர் சான்றும்

பேராக் கரைக்கு அப்பால் பங்கோர்த் தீவையும் செம்பிலான் தீவுக்கூட்டத்தையும் சூழ்ந்த கடலில், காற்றுக்கலம் சுமந்து மூழ்குவோர் இன்று உளர். இக்கலையைக் கற்க விரும்பும் ஈப்போ இளைஞருக்குப் பயிற்சி முடிவில் ஒரு சான்று அட்டை கிடைக்கும். அதனை வழங்கும் அமைப்புக்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது? இவ்வினா புதியதுபோல் தோன்றினும், தமிழர் கடல் வரலாற்றில் இதற்கு நெடிய வேர் உண்டு.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் சுறாவுக்கு அஞ்சினர். ஆதலின், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர் வந்தாலன்றிக் கடலில் இறங்கார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இம்மந்திரக்காரர் எடுக்கப்பட்டவற்றில் இருபதில் ஒரு பங்கு பெற்றனர் என்கிறார். பிற்காலத்தில் இவர் கடல்கட்டி எனப்பட்டார்.

இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1859இல் வெளியிட்ட தம் நூலில் சுவையான செய்தி ஒன்றைக் குறித்துள்ளார். கடல்கட்டியின் ஆற்றல் பரம்பரை வழியது என்று நம்பப்பட்டது. அக்காலத்துக் குடும்பத் தலைவரோ கத்தோலிக்கர். டென்னன்ட் சென்றபோது அவர் நோயுற்றிருந்தமையால், தம் பெயரால் மற்றொருவரை அனுப்பியிருந்தார். வந்தவர், தமக்கு மந்திரம் தெரியாதென்றும், மேலானவரின் பிரதிநிதியாகத் தாம் நின்றாலே சுறாக்கள் மதிக்கும் என்றும் கூறினாராம்.

இது நகைப்புக்குரியது மட்டுமன்று, சிந்தனைக்கும் உரியது. மந்திரம் அறியாதவரிடத்தும் அதிகாரம் இருந்தது. அதனைத் தந்தது மக்களின் நம்பிக்கையே. ஆயினும் பெரிய கேடு விளையவில்லை; ஏனெனில், மூழ்கும் திறனைக் குளிப்போர் கடல்கட்டியிடம் கற்கவில்லை. இளமை முதலே தொழிலிற் பழகி அறிந்தனர். கடல்கட்டி அச்சத்தைப் போக்கினார். திறனுக்குச் சான்று தரவில்லை.

நம்பிக்கை மட்டும் போதாது என்பதைப் பேராக் தோட்டத் தமிழரின் வரலாறும் காட்டும். இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டத் தமிழகச் சிற்றூர்களுக்குச் சென்ற கங்காணியின் கையில் உரிமச் சீட்டு இருந்தது. ஆள் திரட்ட அவர் அனுமதி பெற்றவர் என்பதற்கு அது சான்று. தோட்ட வாழ்வைப் பற்றி அவர் சொன்னவை மெய் என்பதற்குச் சான்றன்று. திரட்டிய ஆள் கணக்குக்கு ஏற்ப அவருக்கு வருவாயும் இருந்தது. 1938இல் இந்திய அரசு இவ்வகை ஆள் அனுப்புதலைத் தடை செய்தது.

காற்றுக்கலம் வந்தபின் நிலை மாறிற்று. 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் பிரான்சில் அதனைச் செம்மைப்படுத்தினர். முத்துக் குளிப்பவர் மேலே இழுத்த மூச்சுடன் இறங்குகிறார். கலம் சுமப்பவரோ ஆழத்தின் அழுத்தத்துக்கேற்பச் செறிந்த காற்றைச் சுவாசிக்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு. அங்கு மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலேறினால், காற்று விரிந்து நுரையீரல் கிழியும். ஆகவே முறையான பயிற்சி உயிர்க்காப்பு ஆயிற்று.

பிரிட்டிஷ் சப் அக்வா கிளப் 1953இலும், மூழ்குநர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 1959இலும் எழுந்தன. அமெரிக்காவில் 'பாடி' எனும் பயிற்றுநர் அமைப்பு 1966இல் தோன்றியது. இவற்றுள் எதுவும் அரசாங்கத் துறையன்று. ஒன்று கழகம், ஒன்று கூட்டமைப்பு, ஒன்று வணிக நிறுவனம். அனைத்துலகத் தர நிறுவனம் 2007இல் 24801 எனும் தரவரிசையை வெளியிட்டு, மூழ்குநர் ஒவ்வொரு நிலையிலும் அறிய வேண்டியவற்றை வரையறுத்தது. பயிற்றுநரின் மேற்பார்வையின்றித் துணைவருடன் மூழ்கும் நிலைக்கு 20 மீட்டர் எல்லை. அந்நிறுவனம் தானே எவருக்கும் சான்று வழங்குவதில்லை. அளவுகோலை மட்டுமே தருகிறது.

அங்ஙனமாயின், தகுதியுள்ள அமைப்பை அறிவது எவ்வாறு? அதன் பாடத்திட்டமும் தேர்வுமுறையும் எவரும் காணுமாறு வெளிப்படையாய் இருத்தல் வேண்டும். தொடர்பற்ற தணிக்கையாளர் அதனை ஆராய்ந்திருத்தல் வேண்டும். தவறும் பயிற்றுநரின் தகுதியைப் பறிக்கும் துணிவும் அதற்கு வேண்டும். அட்டை ஒன்றுக்கு இவ்வளவு என வருவாய் பெறும் அமைப்பிடத்து இம்மூன்றும் இன்றியமையாதன; தலைக்கணக்கால் வாழ்வோர் தகுதியற்றவரைத் தடுத்து நிறுத்துதல் அரிது.

கடல்கட்டியின் பிரதிநிதியைச் சுறாக்கள் மதித்தனவோ, யாரறிவர்! கடலின் அழுத்தம் எவர் முத்திரையையும் மதிப்பதில்லை. கற்பித்தது உண்மையாயின் சான்றும் உண்மை. அன்றேல் அது வெறும் அட்டையே.