நினைவலைகளுக்கு ஒரு தும்பிக்கை

இந்த மலருக்கு 'நினைவலைகள்' என்று பெயர் வைத்ததும், அட்டையில் அதை எந்த எழுத்தில் போடுவது என்ற பேச்சு வந்தது. "கையால எழுதுன மாதிரி, ஜாலியா இருக்கணும்டா" என்றான் நண்பன். கணினியில் சில எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தோம். மும்பை 'ஏக் டைப்' குழுவினரின் 'பலூ தம்பி' குண்டுக் குழந்தை போல நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஏதோ குறைந்தது.

மோகனூரிலிருந்து தாத்தா விடுதிக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தபோது அது என்னவென்று புரிந்தது. அவருடைய 'னை', 'லை' இரண்டிலும் ஐகாரம் தனியாக முன்னால் நிற்காது. எழுத்தோடு ஒட்டி, யானைத் தும்பிக்கை போல மேலே சுழித்து நிற்கும். (எங்கள் ஊரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையும் முதலில் ஓவியர்தான். மோகனூர்க் கைக்கு வளைவு பிடிக்கும் போலும்!)

இந்தத் தும்பிக்கையை எடுத்தவர் ஈரோட்டுப் பெரியார். 1935-இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1978-இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. ணை, லை, ளை, னை. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் என 13 எழுத்துகள் மாறின. காரணம் நியாயமானதே. ஈய அச்சில் ஒவ்வொரு கூட்டெழுத்துக்கும் தனியாக வார்க்க வேண்டும். தட்டச்சு இயந்திரத்திலோ சாவிகள் கொஞ்சம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுமை குறைந்தது. நானும் அந்த எழுத்தில்தான் படித்தேன். தாத்தா மட்டும் கடைசிவரை மாறவில்லை. கேட்டால், "கை பழகிப் போச்சு சாமி, இனி எங்க மாத்தறது?" என்பார்.

ஆனால் பொறியாளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அன்றைய தடை இன்று இல்லை. யூனிகோடில் 'லை' என்பது லகரமும் ஐகாரக் குறியும்தான். திரையில் அது எப்படித் தெரிய வேண்டும் என்பது எழுத்துருவுக்குள் எழுதும் விதி. தும்பிக்கையை வரைந்து அந்த விதியில் சேர்த்தால் போதும். தேடினாலும் கிடைக்கும், வேறு எழுத்துருவுக்கு மாற்றினாலும் கெடாது. ஒரே எழுத்து மறுபடி வரும்போது சற்றே மாறித் தெரியவும் ஓபன்டைப்பில் வழி உண்டு. எல்லா 'க'வும் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி இருந்தால் கையெழுத்து என்று யார் நம்புவார்?

அப்படியொரு எழுத்துரு செய்ய இந்த முறை நேரமில்லை. தாத்தாவின் கடிதத்திலிருந்து 'னை'யையும் 'லை'யையும் ஸ்கேன் செய்து அட்டையில் ஒட்டிவிட்டோம். அச்சுப்பிழை என்று யாரும் மலர்க்குழுவுக்குக் கடிதம் போட வேண்டாம்.