ஓடந்துறை வாங்கிய காற்றாலை

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில் கட்டியே திணறிய காலம் ஒன்று உண்டு. தலைவர் சண்முகம் முதலில் மரக்கழிவிலிருந்து வாயு எடுத்து மோட்டாரை ஓட்டிப் பார்த்தார். பிறகு 2006இல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை 1.55 கோடி, கையிருப்பு 40 லட்சம், மிச்சம் வங்கிக் கடன். காற்றை நம்பிக் கடனா என்று நானே முகம் சுளித்தவன்தான்.

ஆலை நிற்பது ஊரில் அல்ல, உடுமலை அருகே மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கே பலமாக வீசும் (வகுப்பில் வரைபடத்தில் காட்டினேனே, நினைவிருக்கிறதா?). அங்கே விளையும் மின்சாரம் வாரியக் கம்பியில் கலக்கும். இங்கே ஊராட்சிக் கணக்கில் கழியும். மீந்ததை வாரியத்துக்கே விற்று, அந்தப் பணத்தில் கடனை அடைத்தார்கள்.