விருத்தாசலத்து ஜீப்பும் திருச்சி நெடுஞ்சாலையும்

விருத்தாசலத்தைப் பழமலைநாதர் எழுந்தருளியிருக்கும் க்ஷேத்திரமென்று பக்தர்களும், விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் ஆகிய நான்கு திக்குகளிலிருந்தும் ரயில் வந்து கூடும் சந்திப்பென்று பிரயாணிகளும், பீங்கான் ஊரென்று வியாபாரிகளும் அறிவார்கள். பீங்கானோ இருவகைப் பாதைகளை வேண்டி நிற்கும் தொழில். களிமண் வெட்டும் குழிகளுக்குப் போவது மழைக்குச் சேறாகி வெயிலுக்குப் புழுதியாகும் மண்பாதை; சுட்டெடுத்த கோப்பையும் பொம்மையும் மின்சாரப் பியூஸுக்கான பீங்கான் கட்டையும் வைக்கோலில் பொதிந்து வெளியூர் போவதற்கோ அதிர்ச்சியில்லாத சாலை வேண்டும். முதல்வகைப் பாதைக்கென்றே பிறந்து, இரண்டாம்வகைப் பாதையிலும் நெடுந்தூரம் ஓடவேண்டிய விதி பெற்ற வாகனம் ஜீப். அதன் சரித்திரத்தைச் சொல்லாமல் இந்தப் பிராந்தியத்துச் சாலைகளின் சரித்திரம் பூர்த்தியாகாது.

நாலு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சிறிய வண்டியொன்றை 49 நாட்களுக்குள் செய்து காட்டவேண்டுமென்று 1940-இல் அமெரிக்க ராணுவம் 135 ஸ்தாபனங்களுக்கு அழைப்பு விடுத்தபோது, பென்சில்வேனியாவில் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனியே கெடு தவறாமல் செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு வில்லிஸ், போர்டு கம்பெனிகள் அந்த வடிவத்தைச் சீர்செய்து யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை உற்பத்தி செய்தன. யுத்தம் ஓய்ந்ததும், நம் நாட்டில் மிஞ்சிக் கிடந்த ராணுவ ஜீப்புகள் 'டிஸ்போசல்' என்ற பெயரில் கைமாறின. 1945-இல் தொடங்கி 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறிய ஸ்தாபனம், பம்பாய் மஸகானில் ஜீப்பைப் பூட்டிக் கொடுக்கும் வேலையை மேற்கொண்டது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமூக அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமாகி, பின்னர் சென்னை ராஜ்யத்தில் பஞ்சாயத்து யூனியன்களும் ஏற்பட்டபோது, விதைக்கும் உரத்துக்கும் அம்மைப்பாலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பேற்ற உத்தியோகஸ்தர் கிராமத்துக்கு வருவதென்றால் ஜீப்பில் வருவதே வழக்கமாயிற்று.

அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவில் விருத்தாசலம் தாலுகா அத்தகைய வண்டிக்கு ஏற்ற இடமாகவே இருந்தது. மணிமுத்தாறும் வெள்ளாறும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெருகும்; ஓடைகளின் குறுக்கே கட்டிய தாம்போதிகளின்மேல் முழங்காலளவு தண்ணீர் புரளும்; கரிசல் நிலமோ ஒரு மழை பெய்தால் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடாது. மற்ற மோட்டார்கள் கரையிலேயே நின்றுவிடும் அந்த வேளையில், டிரைவர் கியர்க் கம்பிக்குப் பக்கத்திலுள்ள இரண்டு குட்டிக் கம்பிகளில் ஒன்றால் முன்சக்கரங்களுக்கும் விசையைக் கொடுத்து, மற்றொன்றால் வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டி, எஞ்சினை அணையவிடாமல் ஒரே சீராக நடத்திக்கொண்டு அக்கரை சேர்வார்.

ஆனால் கிராமத்திலே பிறக்கும் மனு கிராமத்திலே தீர்வதில்லை; ஜில்லாத் தலைநகரான கடலூருக்குப் போகவேண்டும், சில வேளைகளில் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்கே போகவேண்டும். எனவே சேற்றிலே இறங்கிய அதே ஜீப், உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சி நெடுஞ்சாலை ஏறி, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று வடக்கே ஓடலாயிற்று. சேற்றில் குணமாயிருந்தவையெல்லாம் அங்கே சிரமமாக மாறியதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. யுத்தகால வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைசக்தியும் உடையது. முன்செல்லும் கியர்கள் மூன்றுதான். அச்சின் பல்விகிதம் 4.88 ஆகையால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், கடைசிக் கியரிலும் எஞ்சின் ஏறத்தாழ ஐந்து சுற்றுச் சுற்றியாகவேண்டும். மணிக்கு 60 மைல் போனால் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 3500 சுற்றுச் சுற்றும். அதன் முழுசக்தியும் வெளிப்படும் எல்லையே 4000 சுற்றுத்தான். ஆகவே 40, 45 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாதென்று அனுபவசாலிகள் வகுத்துக்கொண்ட நியமம், யந்திரத்தின் இயல்பறிந்து எழுந்த விவேகமாகும்.

பின்பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நியமத்தின் நியாயம் உடம்பிலேயே விளங்கும். சக்கர வளைவின்மேல் பக்கவாட்டில் அமைந்த அந்தப் பலகையில், எதிரே இருப்பவரின் முழங்காலோடு முழங்கால் இடிக்க, ஒரு கையால் இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் உட்காரமுடியும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 80 அங்குலமே உள்ள வண்டி, சாலையின் சிறு மேட்டுக்குக்கூட முன்னும் பின்னும் தொட்டில்போல் ஆடும். எதிரே லாரி கடந்தால் அதன் காற்று படுதாவைப் படபடவென்று அடித்து, வண்டியையே ஓரத்துக்குத் தள்ளப் பார்க்கும். உளுந்தூர்ப்பேட்டை டீக்கடையில் வண்டியை நிறுத்திய டிரைவர், தேநீரைத் தொடுமுன் நாலு டயரையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்து, ரேடியேட்டரில் தண்ணீர் அளவைக் கவனித்த பிறகே உட்காருவார்.

இந்தச் சிரமத்துக்குப் பரிகாரம் தேடிய முயற்சியும் ஒரு தொடர்ந்த சரித்திரமே. யுத்தம் முடிந்து சாதாரணச் சாலைக்கு வந்த ஜீப்புகளில், முன்சக்கரங்களுக்கு விசை வேண்டாதபோதும் அவற்றோடு சேர்ந்து உள்ளச்சுகள் வீணாகச் சுழல்வதைக் கண்ட ஆர்தர் வார்ன் என்னும் அமெரிக்கர், வேண்டும்போது மட்டும் சக்கரத்தை அச்சோடு பூட்டும் குடத்தை 1948-இல் செய்து விற்கத் தொடங்கினார். பெட்ரோலும் தேய்மானமும் இரைச்சலும் அதனால் குறைந்தன. நம் நாட்டில் 1985-இல் மாருதி ஸ்தாபனம் 970 கன செ.மீ. எஞ்சினும் நாலு கியரும் கொண்ட ஜிப்ஸியை வெளியிட்டது, 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஐந்தாவது கியரும் அதற்கு வந்து சேர்ந்தது. சேற்றுக்கும் மேட்டுக்கும் முதல் கியர் எப்படியோ, அப்படியே நெடுஞ்சாலைக்கு அந்த ஐந்தாவது கியர். சேற்று வாகனத்துக்கும் தூரப் பிரயாணம் உண்டென்பதை யந்திரசாஸ்திரம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

அதற்கிடையே சாலையும் மாறிற்று. 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையென்று நெடுங்காலம் வழங்கிய திருச்சி சாலை, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நான்குவழிப் பாதையாக விரிந்தது, தாம்போதிகள் பாலங்களாயின, ஜீப் மட்டுமே சென்ற இடங்களுக்கு இன்று எந்த மோட்டாரும் செல்கிறது. அச்சாலையில் இப்போது சிறு நால்சக்கர விசை வண்டியொன்று இடதுபுறமாகத் தன் நிதானத்தில் போகும்போது, பின்னால் வருபவர்கள் பொறுமையிழந்து ஒலியெழுப்புவதைக் காண்கிறோம். அந்த நிதானம் மரியாதைக்குரியது. சாலையில்லாத கிராமங்களுக்குச் சாலை வேண்டுமென்ற மனுவைத் தலைநகர் மட்டும் சுமந்து சென்றது அந்த வேகந்தான்.

நம் ஜில்லாவின் சாலைச் சரித்திரத்தை மந்திரிகளின் பிரசங்கங்களிலிருந்தும் இஞ்சினீயர்களின் அறிக்கைகளிலிருந்தும் மட்டும் எழுதிவிட முடியாது. ஒவ்வொரு சர்க்கார் ஜீப்பிலும் ஒரு லாக் புத்தகம் இருந்தது. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், ஓடிய தூரம், போட்ட எண்ணெய், போன காரியம் ஆகிய அனைத்தும் தேதிவாரியாக அதில் பதிவாயின. எந்த ஊருக்கு எந்த ஆண்டில் முதன்முதலாக வண்டி போயிற்று, எந்த மழைக்கு எந்த வழி அடைபட்டது, எந்தக் காரியத்துக்காகச் சென்னைக்குப் போகநேர்ந்தது என்பதற்கு அவற்றைவிட நம்பத்தக்க சாட்சியம் வேறில்லை. பழைய தாலுகா ஆபீஸ்களிலும் யூனியன் ஆபீஸ்களிலும் அவற்றில் எஞ்சியவை பழைய காகிதமாக எடைக்குப் போவதற்குமுன், ஆவணக் காப்பகத்தார் அவற்றைத் தேடி வாங்கிப் பாதுகாக்கவேண்டும். வயது முதிர்ந்த டிரைவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதும் அதனோடு சேர்ந்த கடமை. இவ்விரண்டையும் செய்தால், ஜில்லாவின் சாலைகளை முதலில் ஓட்டிக் கண்டவர்களின் பெயர்களும் அந்தச் சரித்திரத்தில் இடம்பெறும்.